கோணல் பைன்

"மாட்டேன் சார்!"

நீட்டிய கத்தரிக்கோலை வாங்காமல் லாமியா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கடலோரப் புதுமடம் பள்ளியில் அன்று செடிக் கண்காட்சி. ஆறாம் வகுப்பு லாமியா கொண்டுவந்தது, ஒரு முழ உயரமே இருந்த கோணல் பைன் மரம். தண்டில் ஒரு பாதிதான் உயிரோடு இருந்தது. மறுபாதி எலும்பாக வெளுத்துக் காய்ந்திருந்தது.

"காஞ்சத வெட்டிட்டு மேசையில வை. செத்த செடின்னு சிரிப்பாக," என்றார் வசந்தகுமார் சார்.

"சாகல சார். துளிரப் பாருங்க."

அவளுடைய வாப்பா லாரியில் கருவாடு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போவார். அங்கே ரோட்டை அகலப்படுத்தியபோது ஜேசிபி புரட்டிப் போட்ட மரம் இது. வேலையாட்களிடம் கேட்டு, வேர்மண்ணோடு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"இந்த வெக்கையில நாலு நாள் தாங்காது," என்றாள் உம்மா.

லாமியா விடவில்லை. நிழலில் வைத்தாள். ஊசி இலைகளில் தினமும் தண்ணீர் தெளித்தாள். ஒரு வருடம் கழித்து, போனில் வீடியோ பார்த்து, பழைய ஒயரை உரித்தெடுத்த செம்புக் கம்பியைக் கிளைகளில் சுற்றி மெல்ல மெல்ல வளைத்தாள். காய்ந்த பாதியை மட்டும் தொடவில்லை.

"மலையில பட்ட அடி சார் இது. வெட்டுனா வேற மரமாயிரும்."

"அப்ப மேசையில எடமில்ல."

"தரை இருக்குல்ல சார்?"

பிள்ளைகள் 'கொல்'லென்று சிரித்தார்கள். லாமியா வராண்டா ஓரத்தில் தொட்டியை இறக்கி வைத்து, பக்கத்தில் நின்றாள். எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். கண் கரித்தது. ஆனாலும் நகரவில்லை.

ஒன்றாம் வகுப்பு இர்பானின் பென்சில் உருண்டு வந்தது. எடுக்கக் குப்புறப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

"அக்கா! இங்கேருந்து பாத்தா எம்புட்டுப் பெரிய மரம்! இடி விழுந்த மரம்!"

அவ்வளவுதான். பத்துப் பேர் தரையில் படுத்துவிட்டார்கள்.

"ஏலே, தரையில என்னலே நீச்சலடிக்கிறீக?" என்று சார் ஓடிவந்தார்.

"நீங்களும் படுங்க சார்!" என்றான் இர்பான்.

சார் அக்கம்பக்கம் பார்த்தார். மண்டியிட்டார். பிறகு கன்னத்தைத் தரையில் வைத்தார்.

"நெசமாவே மலையில நிக்குதே!" எழுந்து சட்டையைத் தட்டினார். "தூக்கு லாமியா. மொத மேசையில வைப்போம்."

"வேணாம் சார். இங்கன இருந்தாத்தான் தெரியும்."

சார் சிரித்துவிட்டார். பெயர் அட்டையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"மரம், பைன். ஊர், கொடைக்கானல். சரியா?"

"இல்ல சார்," என்றாள் லாமியா. "புதுமடம்னு போடுங்க."