பார்க்க வேண்டாம், கேளுங்க

திங்கட்கிழமை வந்தால் யசோதா செய்தி வாசிக்க வேண்டும்.

ஆந்திராவில், நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தமிழ்ப் பள்ளியில் அது ஒரு வழக்கம். காலை வணக்கம் முடிந்ததும், ஐந்தாம் வகுப்பில் ஒருவர் முன்னால் வந்து செய்தித்தாள் வாசிப்பார். யாருடைய முறையோ அவர்தான் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பேப்பரை வாங்கி வர வேண்டும். பேப்பர் திருத்தணியிலிருந்து காலை பஸ்ஸில் வரும்.

யசோதா இவ்வளவு நாளும் ஒரு தந்திரம் செய்துவந்தாள். வரும் வழியிலேயே தோழி சந்தியாவைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். ஒரு தடவை கேட்டால் போதும், மனசில் அப்படியே பதிந்துவிடும். பிறகு பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒப்பித்துவிடுவாள்.

போன தடவை சந்தியாவுக்குக் காய்ச்சல். குட்டு உடைந்துவிட்டது.

காலை வெயிலில் தாள் பளீரென்று கண்ணைக் குத்தியது. எழுத்துகள் கலைந்துபோன எறும்புக் கூட்டம் மாதிரி அங்கும் இங்கும் ஓடின. "முதல்... முதல்..." என்று அவள் திணற, பள்ளியே சிரித்தது.

தலைமை ஆசிரியர் வேதாச்சலம் சார் சிரிக்கவில்லை. "அடுத்த முறையும் இப்படி நின்னுட்டா, வாசிப்பு நேரத்துல நீ மூணாம் வகுப்புல உக்காரணும்மா. அங்க மெதுவா சொல்லித் தருவாங்க. கோவிச்சுக்காத" என்றார்.

மூன்றாம் வகுப்பில் இருப்பது யார்? அவளுடைய தம்பி கிஷோர்!

"அக்கா, என் பக்கத்துலயே உனக்கு எடம் புடிச்சு வெச்சிட்டேன்" என்றான் அவன், ராத்திரி சோறு தின்றுகொண்டே. "எந்த எழுத்து தெரிலன்னாலும் என்னியே கேளு, இன்னா?"

"வாய மூடுடா!" என்றாள் யசோதா. அழுகை வந்துவிட்டது. எழுத்து தெரியாமலா இருக்கிறது? அது ஓரிடத்தில் நின்றால்தானே படிக்க முடியும்!

அப்பா அவளைத் திருப்பதிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பெருந்தேவி என்ற கண் டாக்டர் இருந்தார். அவர் யசோதாவின் கண்ணை நன்றாகச் சோதித்தார். பிறகு ஒரு புத்தகத்தின் மேல் பல நிறக் கண்ணாடித் தாள்களை ஒவ்வொன்றாக வைத்துப் படிக்கச் சொன்னார். மஞ்சளில் எழுத்து ஓடியது. நீலத்தில் நடந்தது. பனங்கற்கண்டு நிறத்தில் சமர்த்தாக நின்றது.

"நைனா! நிக்குது நைனா!" என்று அப்பாவிடம் கத்தினாள் யசோதா.

"பார்வை நன்னா இருக்கு. வெளிச்சம்தான் இவளுக்கு ஒத்துக்கலை" என்றார் டாக்டர். "நிறக் கண்ணாடி எல்லாருக்கும் உதவும்னு சொல்ல முடியாது. இவளுக்கு உதவறது. போட்டுண்டு படிக்கட்டும்."

பத்து நாளில் அந்த நிறத்திலேயே மூக்குக் கண்ணாடி வந்தது. யசோதா வீட்டிலிருந்த காலண்டர், அரிசி மூட்டை, சோப்பு உறை என எதையும் விடாமல் படித்துத் தள்ளினாள்.

அவள் முறை வந்த திங்கட்கிழமை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையில் பேப்பரோடு பள்ளி வாசலில் கால் வைத்தாள். அவ்வளவுதான்.

"அய்யய்யோ, கண்ணு நோவு! யாரும் பாக்காதீங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

போன மாதம்தான் பள்ளியில் பாதிப் பேருக்குக் கண்நோய் வந்து, கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தார்கள். நோய் வந்த கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள்.

"சந்தியா, நீயுமாடி?"

"தப்பா நெனச்சுக்காதடி. வெள்ளிக்கிழம எங்க மாமா கல்யாணம்!" என்றாள் சந்தியா, விரலைக்கூட விலக்காமல்.

யசோதா கண்ணாடியைக் கழற்றினாள். "பாருங்க, கண்ணு செவக்கவே இல்ல!"

யார் பார்த்தார்கள்? பொத்திய கைகள் இன்னும் இறுகின.

வேதாச்சலம் சார் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னார்: "நல்லா ஆனப்புறம் வாம்மா. வீட்டுக்குப் போ."

"சார், எங்க அக்காவுக்கு நோவு இல்ல சார். அது படிக்கிற கண்ணாடி!" என்று கிஷோர் ஓடி வந்தான்.

"நீயும் அதே வீடுதானே? நீயும் கெளம்பு."

"லீவா சார்?" கிஷோரின் முகம் மலர்ந்தது. "ஆமா சார், எனக்குக்கூட லேசா அரிக்குது சார்!"

துணைக்கு வந்த ஒரே ஆளும் கைவிட்டுவிட்டான். சார் அப்பாவுக்குப் போன் போட்டுப் பார்த்தார். அப்பா எடுக்கவில்லை. வயலில் மோட்டார் சத்தத்தில் கேட்டிருக்காது.

இப்போது திரும்பிப் போனால் முறை போய்விடும். மூன்றாம் வகுப்புப் பெஞ்சுதான்.

யசோதா ஒரு நிமிடம் யோசித்தாள். எல்லோரும் கண்ணைத்தான் பொத்தியிருந்தார்கள். காதை யாரும் பொத்தவில்லையே!

மைதானத்தின் மறுகோடிக்குப் போய் நின்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "சார்! என்னைப் பார்க்க வேண்டாம், கேளுங்க போதும்!" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தாள்.

நல்ல வெயில். எழுத்துகள் நின்றன.

"இன்றைய முக்கியச் செய்திகள். சித்தூர் மாவட்டத்தில் தோத்தாபுரி மாங்காய் அறுவடை முடிவடைந்தது..."

நிறுத்தி நிதானமாக, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தாள். கைகள் மெல்ல இறங்கின. முதலில் சந்தியாவின் கை.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் சார், தூணை விட்டு ஓர் அடி வெளியே வந்து. "மனப்பாடமா? நாலாம் பக்கத்தைத் திருப்பு. கீழ, வலது மூலையில என்ன போட்டிருக்குது?"

பேப்பர் சலசலத்தது.

"கத்தரிக்காய்த் தொக்கு செய்வது எப்படி? பிஞ்சுக் கத்தரிக்காய் பத்து, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி..."

வரிசையில் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. சார் மைதானத்தைக் கடந்து அவளருகில் வந்தார். குனிந்து, கண்ணாடியைச் சற்றே தூக்கி, அவள் கண்களை நேருக்கு நேராகப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தன.

"அட, நான் ஒருத்தன்!" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "அந்தத் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சதுக்கு மன்னிச்சிடும்மா. நீ ஐந்தாம் வகுப்புலயே உக்காரு. அட்டகாசமா வாசிக்கிற. போதும், பேப்பரை மடி. மணியடிக்கணும்."

யசோதா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"சார், இப்பத்தான் எண்ணெய் காயுது. இன்னும் நாலே வரி சார்!"

வேதாச்சலம் சார் மணியடிக்கப் போன பையனைக் கைகாட்டி நிறுத்தினார். கத்தரிக்காய் வதங்கித் தொக்காகும் வரை பள்ளி முழுவதும் அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றது.