வாரண்டியில் வந்த பொட்டு

துடைத்த இடத்தில் மறுபடியும் பொட்டு இருந்தது.

வேணுகோபால் ரிவால்வரை மேசைமேல் வைத்துவிட்டுப் பார்த்தான். ஆயுத பூஜை நாள், உச்சிப் பொழுது. ஐயம்பேட்டைத் தெருவில் தறிச் சத்தமே இல்லை. வாசலில் உடைத்த பூசணிக்காய் வெயிலில் புளித்து, அந்த வாடை ஜன்னல் வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. மனைவி துளசி கோயிலுக்குப் போயிருந்தாள். குங்குமம் கையில் ஒட்டியிருந்திருக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு மறுபடி துடைத்தான்.

நேற்றுதான் துப்பாக்கிக் கடையிலிருந்து திரும்ப வாங்கி வந்தான். குண்டு போடும் உருளை சுற்றாமல் ஒரு வருடமாகச் சிக்கிக் கிடந்தது. வாரண்டி முடிய மூன்று மாதம் இருக்க, 'பயன்படுத்தவே இல்லை, தானாகப் பழுதாகிவிட்டது' என்று எழுதிக் கொடுத்திருந்தான். அதைப் படிக்கிறவன் சம்பளத்துக்கு வேலை செய்கிற முட்டாள்தானே.

"யூஸே பண்லன்னு எழுதிக் குடுத்தீங்க சார்," என்றான் கடை கிளார்க் லோகேஸ்வரன். "நல்லா யூஸ் ஆயிருக்குதுன்னு கம்பெனில எழுதியிருக்காங்க. உருளைக்குள்ள குங்குமம் காஞ்சி இறுகிப் போயிருந்துச்சாம். ரிவால்வருக்கு யாருனா பொட்டு வைப்பாங்களா சார்?"

"உனக்கு மாசம் எவ்ளோ தர்றாங்க?" என்று கேட்டான் வேணுகோபால். லோகேஸ்வரன் கையெழுத்துக்கு ரசீதை நீட்டினான்.

பொட்டு வைத்தது டிரைவர் சின்னப்பையன். போன வருடம் வரைக்கும் இவனுக்குக் கார் ஓட்டியவன். ஆயுத பூஜையன்று காருக்கு, பீரோவுக்கு, பத்திரக்கட்டுக்கு, ரிவால்வருக்கு என்று எல்லாவற்றுக்கும் கட்டைவிரலால் பொட்டு வைப்பான். விரலின் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு. அதனால் அவன் வைக்கும் பொட்டு நடுவில் பிளந்திருக்கும்.

போன வருட ஆயுத பூஜையன்று சாயங்காலம் இவன் பூஜையிலிருந்து ரிவால்வரை எடுத்தபோதுகூட அந்தப் பைத்தியக்காரன் பதறினான். "சாமில வச்சத இன்னைக்கு எடுக்காதீங்கண்ணா. நாளைக்கு எடுத்துக்கலாம்." ஓரிக்கைப் பாலாற்றங்கரையில் அவனுக்கு அரை ஏக்கர் இருந்தது. இவன் கேட்டபோதே கொடுத்துத் தொலைத்திருக்கலாம். ஒரு குண்டுதான் செலவானது. மணல் பள்ளம் மீதியைப் பார்த்துக்கொண்டது. பெங்களூருக்கு ஓடிப்போய்விட்டான் என்று சொன்னதும் ஊர் நம்பியது. அவன் மனைவி கங்கையம்மாள் மட்டும் நம்பவில்லை. இப்போது அவள் தம்பி அடிக்கடி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறான். அந்தப் பயலுக்குப் பயந்துதான் இந்த வாரண்டி, இந்த அலைச்சல். அதை நினைக்கவே வேணுகோபாலுக்கு அசிங்கமாக இருந்தது.

ஆறு குண்டுகளையும் போட்டு உருளையை மூடினான்.

குழல்மேல் பொட்டு. ஈரமாக. நடுவில் பிளந்து.

துடைத்தான். துணி சிவந்தது. மோந்து பார்த்தான். குங்கும வாசனை இல்லை. ஈர மணல் வாசனை.

மேசை இழுப்பறையில் ஒரு பொட்டு. பத்திரக்கட்டில் ஒன்று. பீரோவில் ஒன்று. கார்ச் சாவியில் ஒன்று. எல்லாம் பிளந்த பொட்டு. எதெதை இவன் பயன்படுத்தினானோ, அதற்கெல்லாம்.

"துளசி?" என்றான். வீட்டில் யாருமில்லை.

எழுந்து ஓடிவிட நினைத்தான். நெற்றியில் ஏதோ அழுந்தியது. குளிர்ந்த கட்டைவிரல். குறுக்கே ஓடும் தழும்பு தோலில் தெளிவாக உறைத்தது. நிதானமாக, பக்தியாக, ஒரு தேய்ப்பு.

பிறகு கை அசையவில்லை. கால் அசையவில்லை. கண் இமைகூட.

"சாமில வச்சாச்சு," என்றது காதருகே ஒரு குரல். "இன்னைக்கு அசையக் கூடாதுண்ணா."

மேசைமேல் ரிவால்வர் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்து நின்றது. உருளை ஒரு தடவை சுற்றியது. சிக்கவே இல்லை. கம்பெனிக்காரர்கள் நன்றாகத்தான் பழுது பார்த்திருந்தார்கள்.