சாரலில் நனைந்த மதர்போர்டு

அந்தப் பெட்டியின் மேல் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் விழுந்தன.

ஒன்று பெர்சிஸின் கை. இன்னொன்று யாருடையது என்று நிமிர்ந்து பார்த்தாள்... நனைந்த தலைமுடி, நீர் சொட்டும் ரெயின்கோட், கொஞ்சமும் கூச்சமில்லாமல் அவளையே பார்க்கிற இரண்டு கண்கள். அழகான கண்கள்தான் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

"இது நான் சொல்லி வச்சது" என்றான் அவன்.

"நான்தான் முதல்ல எடுத்தேன்."

தென்காசியிலேயே அந்த மாடல் மதர்போர்டு எபனேசர் அண்ணாச்சி கடையில்தான் இருந்தது. அதுவும் ஒன்றே ஒன்று.

"ரெண்டு பேருமா பிச்சுராதீங்க" என்றார் அண்ணாச்சி. "ஏலே ஜோஷ்வா, அந்தப் பிள்ளைக்கு என்ன அவசரம்னு கேளு."

அவசரம்தான். இன்னும் கட்டாத வீட்டுக்குள் நடந்து பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டரில் படம் செய்வது பெர்சிஸின் வேலை. கொச்சியில் ஒரு கம்பெனி சாம்பிள் கேட்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பினால், பிடித்துப்போனால், வீட்டிலிருந்தே வேலை. இல்லையென்றால் சென்னையில் சித்தி பார்த்து வைத்திருக்கும் ஆபீஸ், ஹாஸ்டல்... அப்பா ஏசுதாசன் எந்த ரயில் என்பது வரை முடிவு செய்துவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை. காலையில் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

இதையெல்லாம் முன்பின் தெரியாதவனிடம் சொல்ல முடியுமா? "என் போர்டு போயிட்டு. அதைவிட நல்லதா மாத்தணும்" என்று மட்டும் சொல்லி, போனில் எடுத்த படத்தைக் காட்டினாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவன் முகம் மாறிப்போனது. போர்டின் செப்புப் புள்ளிகள் எல்லாம் களிம்பேறிப் பச்சை பூத்திருந்தன.

"ஓவர்கிளாக் பண்ணுதீங்களா?"

கம்பெனி சொன்னதைவிட வேகமாகக் கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கு அந்தப் பெயர். வேகம் கூடினால் சூடு ஏறும். சூட்டைத் தணிக்க வழி இருந்தால் இன்னும் கூட்டலாம். ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

"இதை என்ன, ஐந்தருவில குளிக்க வச்சீங்களா?"

"வோல்டேஜ் பிரச்சினை."

"வோல்டேஜுக்குப் பச்சை பூக்காதுங்க. ஜன்னலைத் தொறந்து போட்டு சாரல் காத்துல ஓட்டியிருக்கீங்க. மூளை இருக்கவங்க செய்யுத வேலையா இது?"

பெர்சிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்படி... இவனுக்கு எப்படித் தெரியும்? குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அவள் அறையின் மேற்கு ஜன்னலில் ஏசி தோற்றுப்போகிற காற்று வரும். கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி ஜன்னலோரம் வைத்து வேகத்தை ஏற்றிவிடுவாள். அந்தக் காற்றோடு பொடிப்பொடியாகத் தண்ணீரும் வரும் என்று யோசிக்கவே இல்லை. இந்த ரகசியத்தை யாரிடமும் சொன்னதும் இல்லை.

"உங்ககிட்ட பாடம் கேக்க வரலை" என்றாள். கண் நிறைந்துவிட்டது. அதை அவன் பார்த்தான். பெட்டியிலிருந்து கையை எடுத்தான்.

"கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

திமிர் பிடித்தவன் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். திட்டிக்கொண்டேதான் பழைய போர்டைக் கழற்றினாள், புதியதைப் பூட்டினாள். பட்டனை அழுத்தினால்... காற்றாடி சுற்றியது. திரையில் ஒன்றுமே வரவில்லை. அண்ணாச்சிக்குப் போன் செய்தாள். "அங்கன ஒரு ஆளை அனுப்புதேன்மா" என்றார்.

அரை மணி நேரத்தில் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தவள் திகைத்து நின்றாள்.

"நீங்களா?"

"கஷ்டமான கேஸ்னா அண்ணாச்சி என்னையத்தான் கூப்பிடுவாவ" என்றான் ஜோஷ்வா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அறைக்குள் வந்தவன் முதலில் நேரே போய் மேற்கு ஜன்னலைச் சாத்தினான். திரும்பும்போது சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். அதில் பேனாவால் எழுதியிருந்தது: சாரல் 5.2, வெயில் 4.7.

"இது... நீங்க எழுதினதா?"

"ஆமா. எந்தக் காத்துக்கு எத்தனை கிகாஹெர்ட்ஸ் வேகம்னு கணக்கு. திட்டணும்னா திட்டிக்கோங்க."

அவன் திட்டவில்லை. பேயறைந்தவன் மாதிரி அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, அவள் மாட்ட மறந்திருந்த ப்ராசஸர் பவர் வயரை மாட்டினான். திரையில் வெளிச்சம் வந்தது.

"கோவத்துல பூட்டினா இப்படித்தான் மறந்துபோகும். இந்தப் போர்டு 5.2 தாங்கும்... ஜன்னலைத் தொறக்காமலே."

நன்றி வாய் வரை வந்தது. வீம்பு விடவில்லை. அவன் போய்விட்டான். அந்தக் கண்கள் மட்டும் போகாமல் இரண்டு நாள் அறைக்குள்ளேயே இருந்தன.

சனிக்கிழமை சாம்பிளை அனுப்பினாள். திங்கட்கிழமை காலையில் கொச்சியிலிருந்து பதில் வந்தது... வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் அண்ணாச்சிக்குத்தான் முதலில் போன் செய்தாள். ஜோஷ்வாவுக்கு நன்றி சொல்லிவிடச் சொல்லலாம் என்று ஒரு சாக்கு.

"அவனுக்கா?" அண்ணாச்சி சிரித்தார். "அந்தப் போர்டே அவன் மூணு வாரமா சொல்லி வச்சு வரவழைச்சதுதான்மா. ஐந்தருவி ரோட்டுல வீடு. கோட்டிக்காரன், மூளையில்லாம ஜன்னலைத் தொறந்து வச்சு ஓட்டி, அவன் போர்டும் உன்னுது மாதிரியே பச்சை பூத்துப்போச்சு. செங்கோட்டை ஸ்டுடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்ணுதான். வேலை எல்லாம் அப்படியே கிடக்கு."

பெர்சிஸ் போனைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கடையில் அவன் திட்டியது... அவனையேதானா?

வீட்டுக்கு அடையாளம் கேட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். குற்றாலம் ரோட்டில் வெயிலும் சாரலும் சேர்ந்தே வந்தன. கதவைத் திறந்த ஜோஷ்வாவின் காதில் போன் இருந்தது. "இன்னும் ரெண்டே நாள்ங்க... பொண்ணு வீட்ல சொல்லுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தவன், அவளைக் கண்டதும் பாதியிலேயே போனை வைத்துவிட்டான்.

"உங்க ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கிட்டு வாங்க. என் கம்ப்யூட்டர்ல எடிட் பண்ணுங்க" என்றாள். "எனக்கு வேலை கிடைச்சிருச்சு. சென்னைக்குப் போக வேண்டாம்."

"சென்னைக்கா? போறதா இருந்தீங்களா?"

அவன் முகம் வெளுத்த வேகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

"உங்க போர்டும் சாரல்லதான் போச்சுன்னு ஏன் சொல்லலை?"

"வெக்கமா இருந்துச்சு... இந்தக் கோட்டித்தனத்தை ஊர்ல நான் ஒருத்தன்தான் செஞ்சிருப்பேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். உங்க படத்தைப் பாத்ததும் ஆடிப்போயிட்டேன். உங்க கண்ணு நிறைஞ்சதும் போர்டே வேண்டாம்னு தோணிட்டு. அப்புறம் அந்தக் காலண்டர்..." அவன் கையைக் காட்டினான்.

அவன் அறைச் சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது: சாரல் 5.2, வெயில் 4.7.

அவளுக்கு மேல் சிலிர்த்தது. கிட்டே போய் அந்த எண்களை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வீட்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?" என்று மெல்லக் கேட்டான்.

"போர்டு குடுத்தவரைப் பாக்கப் போறேன்னு அப்பாகிட்ட சொன்னேன்."

"ஒண்ணும் கேக்கலையா?"

"எதுக்குன்னு கேட்டாங்க. பிடிச்சிருக்குன்னு சொன்னேன். போர்டான்னு கேட்டாங்க..." அவள் தலை குனிந்துகொண்டது. "இல்லைன்னுட்டேன்."

ஜோஷ்வா கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு நான் எங்க அம்மாகிட்ட இன்னும் சொல்லலையே..." என்றான்.