எதுவும் வராத அறை

"இதைப் பிடிச்சுக்கோ. எந்தப் பட்டனையும் தொட்டுடாத, தாயே." தம்பி வீடியோ கேம் கன்ட்ரோலரை அக்காவின் மடியில் வைத்தான். "இந்த ரூமுக்குள்ள எதுவும் வராது. முக்குக் கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

"இப்ப எதுக்குடா?"

"பிஸ்கட் தீர்ந்துபோச்சு. வெறும் வயித்துல பயப்பட முடியாது."

வார் அறுந்த செருப்பை மாட்டிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்துப் படியிறங்கிப் போனான். முக்கில் திரும்பிய லாரி அவனைப் பார்க்கவில்லை என்றார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போன பிறகுதான் அவள் டிவியைப் போட்டாள். கேம் மெஷினை யாரும் அணைத்திருக்கவில்லை. ஜப்பான்காரர்கள் செய்த பழைய ஆட்டம் அது. பாழடைந்த ஒரு விடுதி, கையில் லாந்தரோடு ஒரு பெண். தம்பி விட்டுப்போன சிறிய அறையிலேயே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பின்னணியில் பியானோவில் நாலைந்து சுரங்கள் தூக்கக் கலக்கத்தில் வாசிப்பதுபோலத் திரும்பத் திரும்ப ஒலித்தன. அந்த அறையில் விளக்குத் திரி ஏற்றினால்தான் ஆட்டம் பதிவாகும். அந்தப் பெண்ணின் பையில் திரி இல்லை. மின்சாரம் ஒரு முறை போனால் போதும், அவன் கடைசியாக நடந்த நடை அத்தனையும் அழிந்துவிடும்.

அதனால் அவள் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்தாள். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொள்வாள். எதையும் அழுத்தமாட்டாள்.

"அது கொதிக்குதுடி. அணைச்சிடேன்," என்பாள் அம்மா.

"இருக்கட்டும்மா."

அம்மா அதற்கு மேல் கேட்கமாட்டாள். மெஷின் பக்கம் மேசை விசிறியைத் திருப்பி வைத்துவிட்டுப் போவாள்.

அவன் உயிரோடு இருந்தபோது இந்த ஆட்டத்தைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். உட்கார்ந்த இடத்தில் எதற்கு இப்படிச் செத்துப் பிழைக்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். "துப்பாக்கி குடுத்தா யார் வேணா போவாங்கக்கா. இதுல ஒண்ணும் குடுக்கமாட்டான். ஜப்பான்காரன் பேயைக் காட்டமாட்டான், கதவைத்தான் காட்டுவான். மிச்சத்த நாமளே செஞ்சுக்கணும்." இவ்வளவு பேசுகிறவன் அவள் பக்கத்தில் உட்காராமல் ஒரு தாழ்வாரத்தைக் கூடக் கடந்ததில்லை. "வெளிய நிக்கறதுக்கு முகம் கிடையாதுக்கா. நமக்குத் தெரிஞ்சவங்க நடைய எடுத்துக்கும். அதான் இதுல விசேஷமே," என்று அவள் தோளில் ஒட்டிக்கொண்டு சொல்வான்.

ஒரு நாள் சாயங்காலம் மழை பிடித்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிய, கூடத்தில் ஈரத்துணியின் வாடையும் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும் கலந்து நிற்க, அடுப்பில் அம்மா வைத்த பாத்திரம் முனகத் தொடங்கிய நேரத்தில், மடியில் கிடந்த கன்ட்ரோலர் ஒரு முறை துடித்தது.

அவள் குனிந்து பார்த்தாள். ஏதாவது நெருங்கும்போதுதான் அது இதயம்போல அடித்துக்கொள்ளும். அந்த அறைக்குள் அது அடித்ததே இல்லை.

மறுபடியும் துடித்தது.

திரையில் லாந்தர் பெண் திரும்பினாள். யாரும் எதையும் அழுத்தவில்லை. சுவரோரமாக, மிக மெதுவாக, கதவைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் மூச்சு டிவியின் ஒலிபெருக்கியில் கேட்டது. கதவுக்கு அப்பால் நீளமான மரத்தாழ்வாரம் இருப்பது பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரியும். தொலைவில், அந்தத் தாழ்வாரத்தின் மறுகோடியில், ஒரு காலடி. பிறகு ஓர் இழுப்பு. காலடி. இழுப்பு.

வலது கால்.

வயரைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் அவன் போய்விடுவான். எழுந்து அம்மாவிடம் ஓடலாம். கால் எழவில்லை.

காலடி கதவருகே நின்றது.

தட்டல். அவசரமில்லாத தட்டல்.

"யாருடி கதவைத் தட்டறது?" அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

தம்பி சொன்னது அத்தனையும் அவளுக்கு நினைவிருந்தது. முகம் கிடையாது. நடையை எடுத்துக்கொள்ளும். எல்லாம் தெரிந்திருந்தும் அவள் கட்டைவிரல் பட்டனின் மேல் போய் நின்றது. ஒருவேளை அவனாகவே இருந்தால்? மழையில் நிற்கிறவனை எத்தனை நேரம் வெளியே நிறுத்துவது?

அழுத்தினாள்.

திரையில் கதவு திறந்தது. இருட்டு. வாசலில் யாருமில்லை. கன்ட்ரோலரின் துடிப்பு நின்றுபோனது.

சோபா அமுங்கியது.

அவள் பக்கத்தில். அவன் உட்காரும் இடத்தில். குளிர்ந்த ஈரம் அவள் முழங்கையைத் தொட்டது. அவள் கழுத்து திரும்ப மறுத்தது. மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தாள். கேட்கவில்லை.

அம்மா டீயோடு வந்தாள். கூடத்து வாசலில் நின்றாள். டிவியைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. மகளுக்குப் பக்கத்தில் பார்த்தாள்.

"அம்மா." குரல் காற்றாக வந்தது. "தம்பியா?"



"இல்லடி."

மடியிலிருந்த கன்ட்ரோலரை ஏதோ ஒன்று பொறுமையாக எடுத்துக்கொண்டது. லாந்தர் பெண் அறையை விட்டு வெளியே நடந்தாள். பியானோ நின்றது.

அம்மா கையிலிருந்த டம்ளரில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.