ஈரக் குடை

"ஐயோ!"

வாங்கியவர் திருப்பி அனுப்பிய பார்சலைப் பிரித்து அவள் விரித்த குடையின் கைப்பிடி கழன்று பறந்து, பின்னால் நின்றவனின் நெற்றியில் 'டொக்'கென்று விழுந்தது. கூரியர் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"ஸாரிங்க... ஸாரி..." அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. குடைக்குத்தான் பலத்த அடி!"

வலியிலும் சிரிக்கிற கண்கள் அவனுக்கு... பார்த்தவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆன்லைனில் குடை விற்பவள் அவள். ஆர்டர் அவளுக்கு வரும். சரக்கைச் சப்ளையரே வாங்குபவர் வீட்டுக்கு நேராக அனுப்பிவிடுவார். அவள் கண்ணில்கூடப் படாது. ஓட்டையும் உடைசலுமாய் அனுப்பிவிட்டு அவர்கள் கம்மென்று இருக்க, திட்டெல்லாம் இவளுக்கு! 'இந்த மழைக்காலத்தோட கடையை மூடிட்டு வேற வேலை தேடு' என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

"நானும் குடை சப்ளையர்தாங்க," என்றான் அவன், அவள் புலம்பலையெல்லாம் கேட்டுவிட்டுத் தயங்கி. "பக்கத்துத் தெருவுலதான் குடோன்."

"ஆளை விடுங்க சாமி! உங்க ஆளுங்களை நம்பித்தான் நான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன்!"

"நம்பவே வேணாம். எனக்குத் தெரியாம, வேற பேர்ல ஒண்ணு வாங்கிப் பாருங்க."

வீம்புக்காகவே அக்கா பெயரில் ஆர்டர் போட்டாள். மறுநாளே வந்தது. ஆசையாகப் பிரித்தாள்... துணியெல்லாம் ஈரம்! யாரோ பிடித்த குடையையா அனுப்பியிருக்கிறான்? அந்தச் சிரிப்பை நம்பினோமே!

சண்டைக்குக் கிளம்பியவள், குடோன் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கொடிக் கயிறெங்கும் விரித்த குடைகள்... நடுவே, குழாயடியில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி தையலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான் அவன்.

"ஒவ்வொண்ணையும் நனைச்சுப் பார்த்து, காயவச்சுதாங்க அனுப்புவேன்," என்றான் திருதிருவென விழித்து. "உங்களோடது மட்டும்..."

"எனக்குத்தான்னு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு உங்க பார்சல்ல விலாசத்தைப் பார்த்தேன். அதே விலாசம்னு தெரிஞ்சதும் கையும் ஓடலை, காலும் ஓடலை... காயறதுக்குள்ள அனுப்பிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க அவன் குடைகள்தான் போயின. ஒரு புகார் இல்லை! அப்பாகூட வேலைப் பேச்சை விட்டுவிட்டார். வந்த பாராட்டையெல்லாம் சுமந்துகொண்டு ஒருநாள் குடோனுக்கு வந்தாள்.

"நன்றியெல்லாம் எனக்கே வருது... உங்களுக்குச் சேர வேண்டியது. என் கடையைக் காப்பாத்திட்டீங்க."

"எனக்கு நன்றி வேணாங்க..." குழாயடியிலிருந்து சொட்டச் சொட்ட வந்தவன் குடையைச் சுருக்கினான், விரித்தான், மறுபடி சுருக்கினான். "உங்களைப் பிடிச்சிருக்கு. கைப்பிடி விழுந்த அன்னைலேர்ந்தே..."

வெளியே தூறல். அவள் காதோரம் சிவந்தது.

"சரக்கைத்தான் ஆள் வராமலே அனுப்புறீங்க. இதுக்கு மட்டும் நீங்களே வீட்டுக்கு வரணும்... அப்பாகிட்டப் பேச."

"எப்போ?"

"முதல்ல தலையைத் துவட்டுங்க," என்றாள், துப்பட்டாவை நீட்டி. "இந்தத் தடவையாவது காஞ்சதுக்கப்புறம் வாங்க!"