ஆத்துல விட்ட துணி

பாறை கால் வைக்க முடியாம சுட்டுச்சு. ஆனா அது மேல கிடந்த துணியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரமா இருந்துச்சு.

சுஜின் அதைக் கவனிக்காம இல்ல. கவனிச்சும் கையை நீட்டுனான், வேற வழி தெரியல. பாளையங்கோட்டையில பிளஸ் டூ படிக்கிற அவனும் அவன் வகுப்புக்காரன் ஸ்ரீவத்ஸனும் லீவு நாளானா சைக்கிளை எடுத்துக்கிட்டு எங்கயாவது கிளம்பிருவாங்க. வழியில பெருசாப் பேசிக்கிடக்கூட மாட்டாங்க. செயின் சத்தத்தையும் காத்துச் சத்தத்தையும் கேட்டுக்கிட்டே மிதிக்கதுதான் ரெண்டு பேருக்கும் சுகம். இந்தத் தடவை விக்கிரமசிங்கபுரத்துல, சுஜினோட அத்தை பாக்கியவதி வீட்டுல தங்கி, காலையில பாபநாசம் மலை ஏறி, காரையார் அணையைப் பாத்துட்டு இறங்கும்போதுதான், அய்யனார் கோயிலுக்குக் கீழ, ஆத்தை ஒட்டுன ஒரு வளைவுல சுஜினோட பின் ட்யூப் வெடிச்சுச்சு. ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். ஒட்டவே முடியாது, சைக்கிளைக் காட்டுல விட்டுட்டுப் போகவும் மனசு வரல. கடைசி பஸ்ஸும் போயிருச்சு. இருட்டுனா கீழ செக்போஸ்ட்ல சங்கிலியைப் போட்டுருவாங்க, பிறவு ரோடு யானைக்குத்தான். அங்க வீட்டுல அத்தை மக ரீபா, நாலு வயசு, அத்தான் வராம சாப்பிட மாட்டேன்னு வாசப்படியில உக்காந்திருப்பா. சைக்கிள் சத்தம் கேட்டா ஓடி வந்து இடுப்புல தொத்திக்கிடுவா.

"டயருக்குள்ள வைக்கோலைத் திணிச்சு ஓட்டுவாங்கல்லா, எங்க தெரு சைக்கிள் கடையில பாத்திருக்கேன்," சுஜின் சொன்னான். "துணின்னாலும் தாங்கும்லே."

"அந்தத் துணியைத் தொடாத."

ஸ்ரீவத்ஸன் தண்ணிகிட்டயே வரல, ரோட்டு ஓரத்துலயே நின்னான். போன வாரம்தான் ஆடி அமாவாசை. வந்த சனம் பூரா ஆத்துல முங்கி எந்திரிச்சு, உடுத்தியிருந்ததை அப்படியே அங்கன விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிருக்கு. சீக்கு, பீடை, சாவுத் தீட்டு, எல்லாம் அந்தத் துணியோட கழிஞ்சுருமாம்.

"அதான் கழிஞ்சுருச்சுல்லா வே ஐயங்காரே. பிறவு என்ன?"

"கழிஞ்சு எங்க போச்சு? இங்கனதான் கிடக்கு."

"எங்க சர்ச்சுல இதெல்லாம் கிடையாது."

"உங்க சர்ச்சுல டயருக்குள்ள சேலையைத் திணிக்கதும் கிடையாது, பாதிரியாரே."

சுஜின் சிரிச்சுக்கிட்டே குனிஞ்சு ஒரு நூல் சேலையை இழுத்தான். அது கூட ஒட்டிக்கிட்டு ஒரு வேட்டி, ஒரு சின்னப் பிள்ளைப் பாவாடை. பிழிஞ்சா தண்ணி வரல, முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழன்னு ஒண்ணு விரல் இடுக்குல வடிஞ்சு முழங்கை வரைக்கும் இறங்குச்சு. புண்ணு மேல நாள் கணக்காக் கட்டியிருந்த துணியை அவுத்தா ஒரு வாடை வருமே, அது. மூச்சை அடக்கிக்கிட்டு, எல்லாத்தையும் ஒண்ணா முறுக்கி, குடல் மாதிரி உருண்டு திரண்ட அதை டயருக்குள்ள சுத்தி விட்டு, ஸ்பேனரால அமுக்கி அமுக்கித் திணிச்சான். மடிப்புக்குள்ள இருந்து நீள முடி ஒண்ணு அவன் விரல்ல சுத்திக்கிட்டுச்சு. உதறுனான். போகல. டவுசர்ல தேச்சான்.

சைக்கிள் ஓடுச்சு. முதல்ல நல்லாவே ஓடுச்சு, காத்து அடிச்ச டயர் கூட அப்படி மெத்துன்னு ஓடாது. இறக்கத்துல மிதிக்கவே வேண்டாம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளத்துல ஆத்துச் சத்தம், மேல சில்வண்டு இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவுல பின்னால இருந்து, சதக், சதக், சதக். சேத்துல யாரோ வெறுங்காலோட ஓடி வர்ற மாதிரி. அவனுக்குப் பின்பக்கம் மட்கார்டு கிடையாது. சக்கரம் வாரி அடிச்சது முதுகுல புள்ளி புள்ளியா விழுந்துச்சு. நனைஞ்ச துணித் தண்ணின்னா சில்லுன்னுல்லா இருக்கணும். இது வெதுவெதுன்னு இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல ஈ வந்துச்சு. சைக்கிள் போற வேகத்துக்கு ஈ கூடவே வருமா? வந்துச்சு. காதுல உக்காந்துச்சு, உதட்டோரத்துல உக்காந்துச்சு. நாத்தம் மூக்குல இருந்து தொண்டைக்கு இறங்கி நாக்குல ருசியா நின்னுச்சு. துப்புனான். திரும்பத் திரும்பத் துப்புனான், ருசி போகல.

பின்னால வந்துக்கிட்டு இருந்த ஸ்ரீவத்ஸன் வேகமா மிதிச்சு முன்னால போனான்.

"ஏம்லே முன்னால போற? நாத்தமா?"

"நாத்தம் கூடப் பரவால்ல." அவன் திரும்பல. "பின்னால இருந்து பாக்க முடியல."

சுஜின் குனிஞ்சு பாத்தான். டயர்ல ஒரு வெட்டு இருந்த இடத்துல துணி நுனி வெளிய தள்ளியிருந்துச்சு. சக்கரம் சுத்தச் சுத்த அது ரோட்டை ஒவ்வொரு தடவையும் நக்கிட்டு உள்ள போச்சு. அவங்க வந்த வழி பூரா ஈரக் கோடு.

பிரேக்கைப் புடிச்சான். இறங்கி ஸ்டாண்ட் போட்டான். சதக் சத்தம் உடனே நிக்கல. நின்ன பிறவு டயர் மெதுவா உப்புச்சு. அமுங்குச்சு. மறுபடி உப்புச்சு. அவன் ஒத்த விரலை வச்சுப் பாத்தான். ரப்பர் இல்ல. காய்ச்சக்காரன் வயித்தைத் தொட்ட மாதிரி சூடு. அவன் விரல் பட்ட இடத்துல புல்லரிச்சு, பொடிப் பொடியா எழும்புச்சு.

சுஜின் ரோட்டு ஓரத்துல வாந்தி எடுத்தான். மத்தியானம் தின்ன புளிச்சாதம் பூரா வந்துச்சு. அதுலயும் அதே வாடை.

"இதோட உங்க அத்தை வீட்டுக்குப் போகக் கூடாது," ஸ்ரீவத்ஸன் சொன்னான். "சின்னக் குழந்தை இருக்கா அங்க."

சுஜினுக்கும் அதே நினைப்புதான். இந்தச் சட்டையைத்தான் ரீபா கட்டிப் புடிப்பா. இந்தத் தோள்லதான் மூஞ்சைத் தேப்பா.

"என்ன செய்யணும், சொல்லு."

"எங்க வீட்டுல எல்லாரும் செய்யற மாதிரி செய். அதைப் பிடுங்கி ஆத்துல விடு. உன் துணியையும் விடு. ஒரு முங்கு போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம ஏறி வா. சைக்கிள் கிடக்கட்டும், என் கேரியர்ல போயிரலாம். துண்டு தரேன்."

ரோடு ஆத்தை ஒட்டி வர்ற இடம் பக்கத்துலதான் இருந்துச்சு. ஸ்ரீவத்ஸன் டார்ச்சோட மேலயே நின்னான். வெளிச்சம் மங்கி, தண்ணியும் பாறையும் ஒரே நிறமா ஆயிருச்சு. சுஜின் சைக்கிளை உருட்டிக்கிட்டு இறங்குனான். டயரை நெம்புனான். திணிச்சது மூணு துணிதான். இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருந்துச்சு. வழுவழுன்னு, சூடா, முடியும் சளியுமா, கை கொள்ளாம. எல்லாத்தையும் தண்ணிக்குள்ள தள்ளுனான். சட்டையைக் கழட்டுனான். டவுசர். உள்ள போட்டிருந்தது. எல்லாத்தையும் விட்டான். மனசுக்குள்ள கர்த்தரே, கர்த்தரேன்னு சொல்லிக்கிட்டு முங்குனான்.

தண்ணி கொழகொழன்னு இருந்துச்சு.

எந்திரிச்சான். எந்திரிச்சதா நினைச்சான்.

கால் தரையில படல. கண்ணைத் திறந்தா தண்ணி மட்டத்துல இருந்துதான் எல்லாம் தெரிஞ்சுச்சு. முன்னால கரை. கரையில யாரோ ஏறிப் போறான். அம்மணமா. அந்த முதுகுல இடது தோளுக்குக் கீழ பெரிய மச்சம்.

அந்த மச்சம் அவனோடது.

"முடிஞ்சுதா?" மேல ஸ்ரீவத்ஸன் கேட்டான். மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு துண்டை நீட்டுனான். "திரும்பிப் பாத்தியா?"

"இல்லலே," அவன் குரல் சொல்லுச்சு. அவன் தொண்டையில இருந்து இல்ல. மேல இருந்து.

வத்ஸான்னு கத்துனான். சத்தம் வரல. கத்துன இடத்துல தண்ணி புகுந்துச்சு, அவ்வளவுதான்.

மேல அது துண்டைக் கட்டிக்கிட்டுச்சு. தலையைச் சிலுப்பிச்சு, அவன் சிலுப்புற மாதிரியே. கேரியர்ல ஏறி உக்காந்துச்சு. டார்ச் வெளிச்சத்துல அது வாய் தெரிஞ்சுச்சு. உதட்டோரத்துல ஈ. அது துடைக்கல. நாக்கை நீட்டி உள்ள இழுத்துக்கிட்டுச்சு.

ஸ்ரீவத்ஸன் பாக்கல. ஹேண்டில்பாரைத் திருப்பிக்கிட்டு இருந்தான்.

"இப்பம் நாத்தம் இல்லலே," ஸ்ரீவத்ஸன் சொன்னான். சிரிக்கக்கூடச் செஞ்சான். "சுத்தமாப் போயிருச்சு."

"வெரசா மிதி," அது சொல்லுச்சு. "ரீபா சாப்பிடாம இருப்பா."

சைக்கிள் கிளம்புச்சு. செயின் சத்தம் தூரமாப் போச்சு.

சுஜின் கையைத் தூக்குனான். எழும்புனது சட்டைக்கை. புள்ளி புள்ளியா கறை புடிச்ச, உள்ள ஒண்ணுமே இல்லாத வெறும் சட்டைக்கை. அதுல இருந்து கொழகொழன்னு வடிஞ்சுச்சு. பித்தான் ஓட்டை வழியா மீன்குஞ்சு ஒண்ணு உள்ள நுழைஞ்சு, கழுத்து வழியா வெளிய வந்து, மறுபடி உள்ள போச்சு. பக்கத்துல மிதந்த சேலை மெதுவா அவன் மேல ஏறிப் படுத்துச்சு. வெதுவெதுன்னு இருந்துச்சு.