சுளுவுக் கவசம்

கல்யாளியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செங்கோடன் வெளியே வந்தபோது அவனுக்கு இடது கை இல்லை. முழங்கைக்குக் கீழே யாளி மென்று துப்பியிருந்தது. மிச்சமிருந்த கையால் அதன் கழுத்து நரம்பை அறுத்து, துடிப்பு அடங்கும்வரை அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். எரிகளத்தில் இந்த மிருகத்தைத் தனியாளாகக் கொன்றவர் அதுவரை எவருமில்லை.

செத்த யாளியின் மார்பிலிருந்து ஒரு கருங்கவசம் எழுந்து வந்து அவன் உடம்பில் பொருந்தியது. சுற்றி நின்ற அவனுடைய தழும்பர் குழுவினர் பதினான்கு பேரும் கோடரிகளைத் தூக்கி ஆர்ப்பரித்தார்கள். கவசத்தில் நோவெண் ஒளிர்ந்ததும் சத்தம் நின்றுபோனது.

மூன்று.

எரிகளம் என்ற கணினி ஆட்டத்தை விளையாடும் ஒவ்வொருவரும் வீட்டில் முதுகெலும்பை ஒட்டி நோவுக்கச்சை கட்டியிருப்பார்கள். களத்தில் விழுகிற அடி அதன் வழியாக உடம்பில் வலிக்கும். காயம் பொய், வலி அசல். ஒரு பொருளை அடைய ஒருவன் எவ்வளவு வலி பட்டான் என்பதைக் கச்சை அளந்து, அந்தப் பொருளின் மேலேயே எண்ணாகப் பொறித்துவிடும். அடி தாங்குவதில் எண் இரண்டு பொறித்த கவசத்துக்கும் எண் இருநூறு பொறித்த கவசத்துக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. பண்டிகைக்குப் பண்டிகை இலவசக் கவசத்தை அள்ளி வீசுகிறீர்களே, கஷ்டப்பட்டுச் சம்பாதித்த எங்களுக்கு என்ன மரியாதை என்று பழைய ஆட்டக்காரர்கள் ஆட்ட நிறுவனத்திடம் குதித்ததால் சேர்க்கப்பட்ட எண் அது. குதித்தவர்களில் முதல் ஆள் செங்கோடன்தான்.

ஐம்பதுக்குக் கீழே எண் வைத்திருப்பவன் சுளுவன், சுலபத்தில் அடைந்தவன். தழும்பர்கள் கண்ணில் பட்டால் கவசத்தைச் சதையோடு உரிப்பார்கள். உரிபட்டவரை அதன்பின் எந்தக் குழுவும் சேர்க்காது. போன வாரம் நிறைமதி என்ற புதுப்பெண் அகப்பட்டாள். “பொங்கலுக்குச் சும்மா குடுத்தாங்க, போட்டுக்கிட்டேன். அதுக்கு இப்படியா?” என்று கதறினாள். அவளுடைய தோள்கவசத்தைச் செங்கோடன் தன் கையாலேயே பிய்த்தெடுத்தான்.

“வலி அளக்குற மானி கெட்டுப்போச்சு” என்றான் செங்கோடன் இப்போது.

எட்டு வருடமாக அவனோடு சேர்ந்து சண்டை போடும் பொன்னுரங்கம், பக்கத்தில் நின்றவன் தொடையில் கத்தியைச் செருகிப் பார்த்தான். அவன் அலறிய அலறலில், சற்றுமுன் அவனுக்குக் கிடைத்திருந்த கேடயத்தின் எண் முப்பதுக்குத் தாவியது.

“மானியெல்லாம் நல்லாத்தானுங்கண்ணா இருக்குது. கை போச்சுங்களே, உங்களுக்கு வலிச்சுதுங்களா?”

வலிக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் செங்கோடனுக்கே உறைத்தது. அன்று காலை சங்ககிரியில் லாரிப் பட்டறையில் வெல்டிங் பொறி பட்டு மணிக்கட்டு பொசுங்கியதைக்கூட நாற்றம் வந்த பிறகுதான் கவனித்தான். எட்டு வருடம் வதைபட்ட நரம்பு மரத்துப்போயிருந்தது. அவனுக்குப் பயம் வந்தது.

எண் உறைவதற்கு அரை மணி நேரம் ஆகும். அதுவரை படுகிற வலியும் கணக்கில் சேரும். வாளைத் தன் தொடையிலேயே குத்தித் திருகினான். நான்கு. ஒரு காதை அறுத்து எறிந்தான். அப்போதும் நான்குதான்.

“டேய், யாளிய நான் கொன்னதக் கண்ணால பாத்தீங்கல்ல?”

“பாத்தோமுங். ஆனா சட்டம் நீங்க போட்டதுங்களே” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

நெருங்கிய கூட்டாளிதான் முதலில் உரிக்க வேண்டும் என்பதும் செங்கோடன் போட்ட சட்டமே. பொன்னுரங்கம் கோடரி நுனியைத் தோள்கவசத்துக்கு அடியில் நுழைத்து நெம்பினான். கவசத்தோடு ஒரு கை அகலச் சதை வந்தது. எண் அசையவில்லை. நான்கு பேர் கால்களை மிதித்துக்கொண்டார்கள். மார்புத்தகடு விலா எலும்போடு முறிந்து வந்தது. ஒருவன் அவன் முகத்தில் துப்பினான்.

“சுளுவன்!” என்று கத்தினார்கள். பொன்னுரங்கமும் கத்தினான். “இத்தன வருசம் உன்ற பின்னால சுத்துனதுக்கு எனக்கு வெக்கமா இருக்குதுடா.”

‘டா’ என்று அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. எண் இருபதானது. பிறகு எழுபது. செங்கோடன் வாய்விட்டு அழத் தொடங்கியபோது நூற்று முப்பதைத் தாண்டியது. விலா முறிவதும் மனம் முறிவதும் கச்சைக்கு ஒன்றுதான். நரம்பில் ஓடுவதை அது அளக்கும், அவ்வளவே.

இருநூற்றுப் பன்னிரண்டில் எண் உறைந்தது. எரிகளத்தில் யாரும் தொடாத எண். மிதித்த கால்களெல்லாம் விலகின. துப்பியவன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். பொன்னுரங்கம் கட்டிப்பிடித்து அழுதான்.

பிறகு அவனைத் தனியே இழுத்துப்போய்த் தன் புதுக் கோடரியைக் காட்டினான். எண் ஆறு.

“எனக்கும் மரத்துப்போச்சுங்கண்ணா. துணி சுத்தி மறைச்சு வெச்சுத் திரியறேன். அடுத்த கவசத்துக்கு நீங்கதான் இப்படி எனக்குச் செய்யோணும். எப்பன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்.”

செங்கோடன் வாக்குக் கொடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்னுரங்கம் அவனைப் பெருந்துறையில் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். எட்டு வருடத்தில் இருவரும் நேரில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. பொன்னுரங்கம் பக்கத்தில் உட்கார்ந்து தானே பரிமாறினான். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவைப் பற்றி, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னான். “கூடப் பொறந்தவங்க யாருமில்லீங். இனி நீங்கதானுங் எனக்கு” என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அதில் நடிப்பு எதுவும் இல்லை. செங்கோடனுக்கும் கண் கலங்கியது. இப்படி ஒரு சிநேகம் தன் வாழ்க்கையில் வாய்த்ததில்லை என்று மனதார நினைத்தான்.

கை கழுவும்போது கணக்குப் போட்டுப் பார்த்தான். இப்போதே உறவை வெட்டினால் அவனுக்கு அறுபதுக்கு மேல் தேறாது. அந்த அப்பாவின் சாவுக் காரியம் முடியட்டும். அதில் தானே முன்னின்று எல்லாம் செய்து, அவன் தன் தோளில் சாய்ந்து அழுத பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தங்கமான மனுஷன், பாவம். அவனுக்கு எப்படியாவது ஒரு முந்நூறு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.